சாம்பல் பூத்த கறுப்பு: ஒரு வண்டி, ஒன்பது துண்டுகள்

“தம்பி, வண்டிக்கு நரை விழுந்துருச்சு. ஏதாச்சும் பண்ணு” என்று சொல்லித்தான் அண்ணன் சாவியைக் கொடுத்தார். பிப்ரவரி கடைசி. ரங்கூனில் மழை விட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. தெருமரங்களின் இலையெல்லாம் புழுதி பூசிக்கொண்டு நின்ற நேரம். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் வண்டி பார்க்கிற மாதிரி ஆகவேண்டும், எப்படியும் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் வேலை முடிந்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

வண்டிக்கு 15 வயது. வெள்ளை. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான வண்டிகளைப் போல ஜப்பானில் ஒருவர் ஓட்டிக் கழித்தபின் கப்பலேறி வந்தது. 1970இல் பர்மா சாலையின் வலப்பக்கத்துக்கு மாறிவிட்டது, ஆனால் இந்த வண்டிக்கு ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தான். இந்த விவரம் பின்னால் தேவைப்படும். உடம்பு பெயிண்டில் பெரிய குறை இல்லை. கெட்டிருந்தது ஜன்னல்களுக்கு நடுவே இருக்கும் பளபளப்பான கறுப்புப் பட்டைகள். கண்ணாடியோடு கண்ணாடியாகத் தெரிய வேண்டியவை, அடுப்புக்கல் மாதிரி வெளுத்துக் கிடந்தன. வெள்ளை உடம்பில் அது இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. மை அழிந்த கண் மாதிரி.

நான் உடனே பாலிஷ் மெஷினை எடுக்கவில்லை. பட்டையில் விரலை வைத்துத் தேய்த்தேன். விரல் கறுத்தது, கூடவே ஒரு பழகிய வாசனை. அண்ணனைப் பார்த்தேன்.

“செருப்புக்குப் போடுறதுதான். ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு, தம்பி.”

இரண்டு நாள் நன்றாகத்தான் இருக்கும். ஷூ பாலிஷில் மெழுகு இருக்கிறது. அது நுண்கீறல்களில் போய் அடைத்துக்கொண்டு பள்ளத்தை மூடும். வெயிலில் இளகி, புழுதியைப் பிடித்து, ஒரு மழையோடு போய்விடும். தேங்காய் எண்ணெயும் அப்படித்தான், டயருக்கு அடிக்கும் சிலிக்கான் ஷைனும் அப்படித்தான். இவற்றில் எதுவும் வண்டியைப் பெரிதாகக் கெடுத்துவிடாது. என் சங்கடம் வேறு: இவை உண்மையான நிலைமையை மறைத்துவிடும். ஆகவே முதல் அரைநாள் கழுவலிலேயே போனது. வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான பிரஷ், மறுபடியும் வெந்நீர். நாலு தடவைக்குப் பிறகுதான் துணி வெள்ளையாக வந்தது. தின்னர் கொண்டு ஒரே துடைப்பில் எடுத்திருக்கலாமே என்று எங்கள் பையன் கேட்டான். எடுக்கலாம், கூடவே பட்டையின் மேல்தோலும் வந்துவிடும். இந்த வகைப் பிளாஸ்டிக்குகளைத் தின்னர் கரைக்கும். ஒருமுறை தொட்டால் அந்த இடம் பிசுபிசுத்து, காய்ந்ததும் வெண்மையாக நின்றுவிடும்.

தண்ணீர்ச் சோதனை

கழுவிக் காயவைத்த பிறகு வண்டியின் நிஜ முகம் தெரிந்தது. கறுப்புத் துண்டுகள் மொத்தம் ஒன்பது. நான்கு கதவுகளிலும் நடுத் தூணை ஒட்டி ஆளுக்கொரு பட்டை, பின்பக்கச் சின்ன ஜன்னலைச் சுற்றி இரண்டு முக்கோணத் துண்டுகள், முன்கதவுகளின் மேல்சட்டத்தில் இரண்டு, நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒரு நீளப் பட்டை.

இந்த இடத்தில் நான் எப்போதும் செய்கிற ஒரு காரியம் உண்டு. தண்ணீரைத் தெளித்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் பார்ப்பது. மங்கிய கறுப்பு ஈரத்தில் அப்படியே ஜெட் கறுப்பாக மாறிவிட்டால் கோளாறு மேற்பரப்பில்தான் இருக்கிறது என்று அர்த்தம். காரணம் எளிது. மழமழவென்ற கறுப்புப் பரப்பு தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தை மட்டும் கண்ணாடி போல ஒரே திசையில் திருப்பி அனுப்பும், மிச்சத்தைக் கறுப்பு விழுங்கிவிடும். பரப்பு சொரசொரப்பானால் அந்த வெளிச்சம் எல்லாத் திசையிலும் சிதறும், நம் கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தெரியும். தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பிப் பரப்பைச் சமமாக்குகிறது, அவ்வளவுதான். ஆக, கறுப்பு ‘வெளுத்துப்போச்சு’ என்பது பெரும்பாலும் சரியான பேச்சு அல்ல. பிளாஸ்டிக்கில் கலக்கும் கறுப்பு பெரும்பாலும் கரிப்பொடி. அது வெயிலுக்கு வெளுக்கும் சரக்கில்லை, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரையே உறிஞ்சிக்கொள்ளும். கெடுவது அதன் மேல்தோல்.

தண்ணீர் தெளித்தும் வெள்ளையாகவே நின்றால் கதை வேறு. பெயிண்டுக்கு மேலே அடிக்கும் நிறமில்லாத பூச்சு, அதாவது கிளியர் கோட், உள்ளே வெடித்திருக்கிறது, அல்லது அடியிலிருந்து பிரிந்துவிட்டது. அதைப் பாலிஷ் போட்டு மீட்க முடியாது.

ஒன்பது துண்டிலும் தெளித்தேன். நான்கு கதவுப் பட்டைகளும் ஈரத்தில் புத்தம்புதுசாகக் கறுத்தன. இடப்பக்க முக்கோணம் அசையவே இல்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது உள்ளே சிலந்திவலை போல் வெடிப்பு. வலப்பக்க முக்கோணம் முக்கால்வாசி கறுத்தது. மேல்சட்டத் துண்டுகள் எந்தப் பதிலும் சொல்லவில்லை. அவை பளபளப்பே இல்லாத வேறு சாதி. நம்பர் பிளேட் பட்டையில் வட்டவட்டமாகத் தண்ணீர்க் கறை மட்டும்.

ஏன் இடப்பக்கம் மட்டும் இவ்வளவு?

இதுதான் எனக்குச் சுவாரஸ்யமாக இருந்த கேள்வி. கதவுப் பட்டைகள் நான்கும் மங்கியிருந்தாலும் இடப்பக்க இரண்டும் ஒரே சீராக, தூளைத் தடவியது போல மங்கியிருந்தன. வலப்பக்கத்தில் மங்கல் குறைவு, ஆனால் தனித்தனிக் கீறல்கள் ஆழமாக, வில் வளைவாக.

வலப்பக்கத்துக்கு விடை உடனே கிடைத்தது. ஓட்டுநர் இருக்கை அந்தப் பக்கம். அண்ணன் கதவைச் சாத்தும்போது பிடியைத் தொடமாட்டார், நடுத் தூண் பட்டையில் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவார். அவர் விரலில் கனமான மோதிரம் ஒன்று உண்டு. சாவிக்கொத்தும் அதே கையில். முன்கதவுப் பட்டையில் தோள் உயரத்தில்தான் எல்லாக் கீறலும்.

இடப்பக்கத்துக்கு அவர் தெருவைப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. கிழக்கு மேற்காகப் போகும் சந்து. வண்டியை வடக்குச் சுவரோரம், மேற்கே முகம் காட்டி நிறுத்துவார். அப்படியானால் வலப்பக்கத்தைச் சுவரும் வீட்டு நிழலும் காக்கிறது, இடப்பக்கம் நேர் தெற்கைப் பார்க்கிறது. ரங்கூன் ஏறக்குறைய 17 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. மே முதல் வாரத்திலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரைதான் நடுப்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே போகும். அதுவோ மழைமேகம் மூடிய காலம். மிச்ச ஒன்பது மாதமும் சூரியன் தெற்கே. அதிலும் டிசம்பர், ஜனவரியில் தாழ்ந்து வந்து, நிமிர்ந்து நிற்கும் பட்டைகள் மேல் நேராக அடிக்கும். மழையே இல்லாத மாதங்களின் முழு வெயிலையும் வண்டியின் ஒரே பக்கம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

சரி, வெயில் முக்கோணத்தின் கிளியர் கோட்டை வெடிக்க வைத்ததற்கு விளக்கம் ஆயிற்று. ஆனால் கதவுப் பட்டைக்கு? ஒரு பட்டையைக் கழற்றிப் பார்த்தேன். ரப்பர் பீடிங்கை விலக்கினால் திருகு, அதற்குக் கீழே கிளிப்பும் இரட்டைப் பக்க டேப்பும். பின்புறம் இரண்டு கூர்க்குறிகளுக்கு நடுவே பி.எம்.எம்.ஏ. என்று அச்சு. ஐ.எஸ்.ஓ. 11469 என்ற தரமுறைப்படி பிளாஸ்டிக் பாகங்களில் இன்ன பொருள் என்று இப்படிப் பொறித்திருப்பார்கள். பி.எம்.எம்.ஏ. என்றால் அக்ரிலிக். பெயிண்ட் கிடையாது, கிளியர் கிடையாது, கறுப்பு கலந்த பொருளே பளபளக்கிறது. வெயிலைத் தாங்குவதில் அக்ரிலிக் கெட்டிக்காரப் பொருள். வெயில் மட்டும் இதை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்காது.

முக்கோணத்தின் பின்னால் ஏ.பி.எஸ். என்று இருந்தது. அதில் பியூட்டடையீன் ரப்பர் கலந்திருக்கும், அடி பட்டாலும் உடையாது. அந்த ரப்பரையே வெயில் முதலில் அரிக்கும். அதனால்தான் அதற்கு மேல் பெயிண்டும் கிளியர் கோட்டும் அடிக்கிறார்கள். ஒரே வண்டி, தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே கறுப்பு, பக்கத்தில் வந்தால் வேறு வேறு பொருள்.

கதவுப் பட்டையின் எதிரி யார் என்பது மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் தெரிந்தது. நான் போனபோது அண்ணன் கோழியிறகுத் துடைப்பத்தால் வண்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். தினமும் காலையில், காய்ந்த புழுதி மேல், வருடத்தில் ஆறு மாதம். தெருப்பக்கம் தூசி அதிகம், ஆகவே அந்தப் பக்கம் இன்னும் நாலு தட்டு கூடுதல். புழுதியில் மணல் உண்டு. மணல் என்றால் குவார்ட்ஸ், கடினத்தில் மோஸ் அளவுகோலில் 7. அக்ரிலிக் அதற்கு முன்னால் வெண்ணெய். இறகு மென்மையானதுதான், அது தள்ளிக்கொண்டு போகும் மணல் மென்மையானதல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இடப்பக்க முன்கதவுப் பட்டையின் நடுவில், மூன்று விரல் அகலத்துக்கு, மற்ற இடத்தைவிட மோசமாகத் தேய்ந்த ஒரு பகுதி இருந்தது. நெடுநேரம் புரியவில்லை. அப்புறம் அதன் ஓரத்தில் ரப்பர் பீடிங்கின் மடிப்பில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். விபூதி. மாதம் ஒருமுறை அனவ்ரதா சாலையில் இருக்கும் காளியம்மன் கோயிலுக்குப் போய்வந்ததும் வண்டிக்கும் ஒரு பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைப்பார். வெள்ளை வண்டியில் விபூதி தெரியாதே, அதனால் கறுப்பில். மறுநாள் அதையும் காய்ந்த துணியால் துடைப்பார். சாணத்தை எரித்த சாம்பலில் சிலிகா இருக்கிறது, வைக்கோல் தின்ற மாட்டின் சாணம்தானே. நம் பாட்டிமார் பித்தளைக் குடத்தைச் சாம்பல் போட்டுத் துலக்கியது சும்மா இல்லை. அந்த வேலையைத்தான் பல வருடமாக அந்த மூன்று விரல் அகலம் வாங்கிக்கொண்டிருந்தது.

இதை அண்ணனிடம் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தயக்கம். அவர் சிரித்துவிட்டு, “அப்ப அம்மனுக்குச் செஞ்சது வண்டிக்கு ஆகலையா?” என்றார். அம்மன்மேல் பழி இல்லை அண்ணே, துணிமேல்தான் என்றேன்.

கதவுப் பட்டைகள்

முதலில் சின்னதாகச் சோதனை. இடப்பக்கப் பின்கதவுப் பட்டையில் தீப்பெட்டி அளவுக்கு டேப் கட்டி, மெல்லிய பாலிஷைத் துணியில் தொட்டுக் கையால் தேய்த்தேன். துணியில் கறுப்பு வந்தது. இதில் பயப்பட ஒன்றுமில்லை. மேலே கிளியர் இல்லை, பொருளே கறுப்பு என்பதற்கு அதுதான் சாட்சி. கிளியர் உள்ள துண்டில் துணி பாலிஷின் நிறத்தோடேயே இருக்கும், அங்கே கறுப்பு வந்துவிட்டால் அது அபாய மணி.

நான்கு பட்டையிலும் நுண்மங்கல் மெல்லிய பாலிஷுக்கே போய்விட்டது, விபூதி இடமும் மோதிரக் கீறலும் போகவில்லை. எந்தத் துண்டிலும் நான் வாட்டர் பேப்பரை, அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை, கடைசியில்தான் எடுப்பேன். 2000 நம்பர் பேப்பரின் மணி சுமார் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று ஒரு மைக்ரான்). கிளியர் கோட்டின் மொத்தக் கனமே சாதாரணமாக 40, 50 மைக்ரான்தான், ஆகவே கிளியர் உள்ள இடத்தில் இதே பேப்பர் சூதாட்டம். அக்ரிலிக்கில் அடிமுடி ஒரே பொருள் என்பதால் துணிந்து எடுக்கலாம். சோப்புத் தண்ணீரில் பேப்பரை ஊறவைத்து, சின்ன ரப்பர் கட்டையில் சுற்றி, நீளவாக்கில் மட்டும் 2000, பிறகு 3000. விரலால் அழுத்தித் தேய்த்தால் விரலின் வாய்க்கால் பட்டையில் பதிந்துவிடும். பகல் வெளிச்சத்தில் தெரியாது, பிரதிபலிப்பு நெளியும்போது தெரியும்.

பிறகு மெஷின். மூன்று அங்குல ஃபோம் பேட், மிகக் குறைந்த வேகம். பிளாஸ்டிக்கில் வேலை செய்பவர்கள் எல்லோரும் சூட்டைப் பற்றி எச்சரிப்பார்கள். காரணம், இரும்புத் தகடு இந்தப் பிளாஸ்டிக்கைவிட 200 மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்திவிடும். பிளாஸ்டிக்கில் சூடு எங்கே பிறந்ததோ அங்கேயே உட்கார்ந்திருக்கும். அக்ரிலிக் 100 டிகிரிப் பக்கத்தில் இளக ஆரம்பிக்கும், ஆனால் அதற்கு வெகு முன்னாலேயே பாலிஷ் காய்ந்து கோந்தாகி, பேடில் கட்டிக்கொண்டு, புதுக் கீறலைப் போடும். நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. இரண்டு ஓட்டத்துக்கு ஒருமுறை நிறுத்திப் புறங்கையை வைப்பேன். கையை எடுக்கத் தோன்றினால் அடுத்த பட்டைக்குப் போய்விடுவேன். நான்கு பட்டையையும் மாற்றி மாற்றிச் செய்தது அதனால்தான். வெயிலில் செய்யவே கூடாது, நிழலில் நிறுத்தி ஒரு மணி நேரம் ஆறவிட்டுத்தான் தொட்டேன்.

மூன்றாவது பட்டையின் பாதியில் கரண்ட் போனது. எங்கள் பகுதியில் அது முறைவைத்துத்தான் வரும், நான் மணியைத் தவறாகக் கணக்குப் போட்டுவிட்டேன். மிச்சத்தைக் கையால் முடித்தோம். பையன் ஒன்று, நான் ஒன்று. சொன்னால் நம்பமாட்டீர்கள், கையால் முடித்த பட்டைதான் நான்கிலும் நன்றாக வந்தது. அகலம் மூன்று விரல் உள்ள துண்டுக்கு மெஷின் ஒரு வசதி, கட்டாயம் இல்லை.

கடைசியாக எண்ணெய்ப் பசையை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மூடி நம்மையே ஏமாற்றும். பெயிண்டில் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைப்பது வழக்கம். அக்ரிலிக்கில் நான் அதைச் செய்வதில்லை. கிளிப்பில் மாட்டி இறுக்கத்தில் இருக்கும் அக்ரிலிக் ஆல்கஹால் பட்டால் நுண்வெடிப்பு விடக்கூடும். சோப்புத் தண்ணீர் போதும். துடைத்துவிட்டுப் பார்த்தபோது மோதிரக் கீறலில் இரண்டு மட்டும் அடியில் தெரிந்தன. இன்னும் இறங்கினால் எடுத்துவிடலாம், ஆனால் அந்த இடம் குழியாகிப் பிரதிபலிப்பு வளையும். விட்டுவிட்டேன். அண்ணனுக்குக் காட்டிச் சொல்லியும்விட்டேன்.

முக்கோணங்கள்: என் தப்பு

இடப்பக்க முக்கோணத்துக்குப் பெயிண்டுதான் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். வலப்பக்கத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன். முக்கால்வாசி நன்றாகத்தான் வந்தது. மேல் முனையில், கூரான ஓரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு மங்கல் மிச்சம். இன்னும் ஒரே ஒரு ஓட்டம் என்று பேடைச் சாய்த்தேன்.

பேடின் ஓரம் திடீரென்று கறுத்தது.

அந்த ஒரு நொடியில் வயிறு ஒரு மாதிரி ஆகும், இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். நிறுத்தித் துடைத்துப் பார்த்தேன். ஓரத்தில் அரிசி நீளத்துக்கு ஒரு மங்கிய தீவு, அதைச் சுற்றி எண்ணெய் மிதந்த தண்ணீர் போல ஒரு கரை. கிளியர் போய்விட்டது. பெயிண்ட் காயும்போது கூர் ஓரத்திலிருந்து விலகி இறங்கும், ஆகவே ஓரத்தில் கிளியர் எப்போதும் மெலிசு. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஓரத்தில் ஒட்டவேண்டிய மாஸ்கிங் டேப்பை, வேலை முடியப்போகிறது என்று உரித்துவிட்டிருந்தேன். கனம் அளக்கும் மீட்டர் இருந்தாலும் உதவியிருக்காது. சாதாரண பெயிண்ட் மீட்டர் அடியில் உலோகம் இருந்தால்தான் கணக்குச் சொல்லும், பிளாஸ்டிக்குக்கு அல்ட்ராசோனிக் வகை வேண்டும்.

அண்ணனிடம் மறைக்கவில்லை. வலப்பக்கத்துக்கான பெயிண்ட் செலவு என்னுடையது என்று சொன்னேன். “ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்ல, நல்லதுதான்” என்றார். அவர் மனசு அப்படி.

இரண்டையும் கழற்றித் தெரிந்த பெயிண்டரிடம் கொடுத்தேன். வெடித்த கிளியரை முழுக்கத் தேய்த்து எடுத்து, பிரைமர், கறுப்பு, அதன்மேல் ஹார்டனர் கலக்கும் இரண்டு பாக கிளியர். வெடிப்பின் மேலேயே அடித்தால் சில வாரத்தில் அதே வெடிப்பு மேலே வந்துவிடும். இரண்டு பாக கிளியரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. அதன் ஆவியைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும், ஒருமுறை வந்துவிட்டால் அடுத்தமுறை கொஞ்சம் பட்டாலே மூச்சு அடைக்கும். துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அடிக்கிற வேலை அல்ல இது. அதனால்தான் நான் வீட்டுக் கொட்டகையில் செய்யாமல் வெளியே கொடுத்தேன். மார்ச் மாதக் காற்றில் ஈரம் குறைவு என்பது ஒரு அதிர்ஷ்டம். மழைக்காலத்தில் அடித்தால் கிளியர் ஈரத்தைப் பிடித்துப் பால்பூத்துவிடக்கூடும்.

மிச்சத் துண்டுகள்

நம்பர் பிளேட் பட்டை பத்து நிமிடத்தில் முடிந்தது. ஆழ்குழாய்த் தண்ணீர் காய்ந்த சுண்ணாம்புக் கறை. சமையல் வினிகரைத் தண்ணீரில் கலந்து துணியில் நனைத்து இரண்டு நிமிடம் போர்த்திவைத்து, கழுவிவிட்டேன். பாலிஷே தேவைப்படவில்லை.

மேல்சட்டத் துண்டுகள் பிளாஸ்டிக்கே இல்லை. கதவின் தகட்டின்மேல் ஒட்டிய கறுப்புப் படலம், பிறவியிலேயே பளபளப்பு இல்லாதது. அண்ணன் அதையும் பளபளக்கச் செய்யச் சொன்னார். பாலிஷ் போட்டால் திட்டுத்திட்டாகப் பளபளத்து, சொறி பிடித்த மாதிரி ஆகும். முடியாது என்றேன். இடப்பக்கப் படலம் வெயிலில் சுருங்கி முனையில் வெள்ளைக் கோடு தெரிந்தது. அதை மட்டும் ஹேர் டிரையரால் இளக்கி உரித்து, பசையை எடுத்து, புதிது ஒட்டினேன். வலப்பக்கம் அப்படியே.

மூடிக் காப்பது பற்றி அண்ணன் கேட்டார். செராமிக் பூச்சுப் போடட்டுமா, யாரோ பத்து வருடம் தாங்கும் என்கிறார்களே? அந்தப் பூச்சு காய்ந்தபின் இருக்கும் கனம் மிஞ்சிப்போனால் ஓரிரு மைக்ரான். தண்ணீர் வழிந்தோடும், கழுவுவது சுலபமாகும், அது உண்மை. இறகுத் துடைப்பத்துக்கு முன்னால் அது நிற்காது. தெளிவான பாதுகாப்புப் படலம் 150 முதல் 200 மைக்ரான் கனம் உண்டு, கீறலைத் தானே வாங்கிக்கொள்ளும். நான்கு கதவுப் பட்டைக்கும் அதை ஒட்டச் சொன்னேன். விலை கேட்டுவிட்டு, இடப்பக்கம் இரண்டுக்கு மட்டும் போதும் என்றார். நியாயமான முடிவு. வலப்பக்கத்துக்கு ஒரு மெழுகுப் பூச்சோடு விட்டேன்.

புது கிளியர் நன்றாக இறுக அவகாசம் வேண்டும், இரண்டு வாரத்துக்குக் கழுவாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். பெண் பார்க்க வந்தவர்கள் வண்டியைக் கவனித்தார்களா என்பது தெரியாது. திஞ்சானில் நாலு நாளும் தெருமுனையில் குழாய்த் தண்ணீர் வாங்கியது வண்டி, படலத்தின் ஓரம் ஒன்றும் கிளம்பவில்லை.

நவம்பரில்

மழை முடிந்து வண்டி திரும்ப வந்தது. ரங்கூனில் வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, ஏறக்குறைய எல்லாமே மே முதல் அக்டோபருக்குள். ஒட்டவைத்த பளபளப்பாக இருந்திருந்தால் ஜூனிலேயே கழுவிப் போயிருக்கும். கதவுப் பட்டைகளில் பிரதிபலிப்பு அப்படியே இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் வலப்பக்க முன்கதவில் மட்டும் புதிதாக மூன்று மெல்லிய வில் வளைவுகள், மோதிரம் இன்னும் கையில்தான் இருக்கிறது. முக்கோணங்கள் இரண்டும் குறையில்லை. இடப்பக்கப் பாதுகாப்புப் படலத்தின் கீழ் முனையில் நெல்லளவு பசை பழுத்திருந்தது, வெட்டிச் சரிசெய்தேன். மேல்சட்டத்தின் வலப்பக்கப் படலம் இப்போது சுருங்க ஆரம்பித்திருக்கிறது. பொங்கலுக்கு முன் வருகிறேன் என்றார்.

இறகுத் துடைப்பம் வண்டிக்குள் பின்சீட்டில் கிடந்தது. என்ன அண்ணே என்றேன். “அது டேஷ்போர்டுக்கு, தம்பி” என்றார். விபூதிப் பட்டையும் குங்குமமும் முன் கண்ணாடியின் மூலைக்கு இடம் மாறியிருந்தன.